கட்டிலுக்கடியில் ஸ்பேனர் பை

ஹலோ... ஹலோ, நான்தான். உங்க பொண்டாட்டி... ஆமா, ஆஸ்பத்திரியிலிருந்துதான். காலிக் கட்டிலுக்குக் காவல் உட்கார்ந்திருக்கேன்.

நேத்து டாக்டர் "பயமா இருக்கா?"ன்னு கேட்டாரு. நீங்க என்ன சொன்னீங்க? "எனக்கா? மூணாவது மாடியில தொங்கிக்கிட்டு பைப் மாட்டுற ப்ளம்பர் சார் நான்"னு மீசையைத் தடவினீங்க. அந்த மீசை இப்ப எங்க இருக்கு?... யார் வீட்டுல?... பாத்ரூம்ல தண்ணி நிக்குதாமா! அடடா, உலகமே மூழ்கிடப் போகுது!

ஆமா... ஆமா... பேப்பர் வாங்கிட்டு வரேன்னு போன ஆளுதானே நீங்க? துணிப்பைன்னு நம்பி நான் தோள் நோகத் தூக்கிட்டு வந்து கட்டிலுக்கடியில வச்சது ஸ்பேனர் பையா? அதான் அந்தக் கனம் கனத்துச்சு! இப்ப அதையும் தூக்கிட்டுப் போயிட்டீங்க!

என்னது?... மயக்கிப் போட்டு எடுத்துடுவாங்களா? மூத்திரப்பையை எடுக்காம காப்பாத்தப் பார்க்கத்தானே இந்த வைத்தியமே! தொடை இடுக்குல மரத்துப்போக ஒரு ஊசி. அங்க இருக்குற ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு ட்யூப். கேன்சர் கட்டி இருக்குற இடத்துக்கே மருந்து நேராப் போகும். நீங்க முழிச்சுக்கிட்டுதான் இருப்பீங்க... ஆமாங்க, முழிச்சுக்கிட்டு! எவனும் திருடிட்டுப் போக மாட்டான்.

இருங்க, நான் பேசுறேன்ல? "அடைச்ச லைனுக்கு மட்டும் மருந்து விடுங்க, சுவரை உடைக்காதீங்க"ன்னு ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற மேதாவி! சொந்த உடம்புன்னா மட்டும் மண்டையில ஏறாதாக்கும்!

...இல்ல. கேரண்டி இல்ல. மருந்து கேக்கலைன்னா ஆபரேஷன்தான்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீங்க மாட்டுற குழாய்க்கெல்லாம் கேரண்டி இருக்கோ? நம்ம சமையல்கட்டுல நாலு வருஷமா சொட்டுது, துணி சுத்தி வச்சிருக்கேன்...

ஹலோ?... லைன்ல இருக்கீங்களா?... ஐயோ, அழறீங்களா?... சரி. சரி, சரி. முதல்ல மூக்கைச் சிந்துங்க... அந்த வீட்டுல டீ ஏதாவது குடுத்தாங்களா?... குடிக்கலையா? நல்லவேளை, வெறும் வயிறா இருக்கணும். பதினோரு மணிக்குத்தான் கூப்பிடுவாங்க. நர்ஸ் வந்து கேட்டாங்க, "பாத்ரூம்ல இருக்காரு"ன்னு சொன்னேன். பொய்கூட இல்ல பாருங்க!

...சிரிச்சது போதும். இங்க கேளுங்க. எந்த வீட்டுல இருந்து போன் வந்தாலும் போட்டது போட்டபடி பையைத் தூக்கிட்டு ஓடுறீங்கல்ல? இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒருநாளும் உங்களை அப்படிக் கூப்பிட்டதில்ல. வாய் வரைக்கும் வரும், முழுங்கிடுவேன். இன்னிக்கு முழுங்க முடியல...

என்னங்க... எனக்கு நீங்க வேணும். வந்துடுங்க.