எமல்டாவின் வலது கால்

இந்த இடத்துல ஒரு குட்டிக் கதை சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும். கேளுங்க.

தூத்துக்குடியில எமல்டான்னு ஒரு பொண்ணு. தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கு, ஆபரேஷன்தான்னுட்டாங்க. முதுகுத்தண்டுல ஊசி போட்டாங்க, இடுப்புக்குக் கீழே மரத்துப்போச்சு. பெண் குழந்தை... நல்லபடியாப் பிறந்துச்சு.

சாயங்காலம் மரமரப்பு விட்டுச்சு. இடது கால் அசைஞ்சுச்சு. வலது கால்? அசையல. மறுநாளும் அசையல!

புருஷன் கிளிட்டஸ், லாரி டிரைவர், வார்டே அதிர சத்தம் போட்டான். "என் பொண்டாட்டிக்கு என்னய்யா ஊசி போட்டீங்க?" ஸ்கேன் எடுத்தாங்க. முதுகு நல்லாயிருக்கு. நரம்பு நல்லாயிருக்கு. உடனே அதே கிளிட்டஸ் அவ பக்கம் திரும்பினான். "ஏட்டி, எல்லாம் நல்லாருக்காம்லா! பிறகு எதுக்கு நடிக்கிற? எந்திரி!"

எந்திரிச்சா. விழுந்தா. தையல் போட்ட வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில கிடந்து அழுதா. "நான் நடிக்கலங்க... கால் வரமாட்டேங்குது..."

ஊசி போட்ட டாக்டரம்மா ஓடி வந்தாங்க. அவளைத் தூக்கிப் படுக்கவெச்சு, வலது குதிகாலுக்கு அடியில கையை வெச்சாங்க. "என் கையை அமுக்கும்மா." முடியல. "சரி, அதை விடு. இடது காலைத் தூக்கு." தூக்கினா. "இப்ப உன் வலது கால் என் கையை அமுக்குது... தெரியுதா?"

எமல்டாவுக்கு முகம் வெளுத்துப்போச்சு. "அப்ப... நான் நடிக்கத்தான் செய்றேனா டாக்டர்?"

"இல்லம்மா! கால்ல பலம் இருக்கு, உன்னால அதைக் கூப்பிட முடியல. சிலருக்குப் பயம் அப்படிப் பண்ணிடும். எதுக்கும்மா பயந்த?"

டாக்டரம்மா எழுந்து போகல, கட்டில் ஓரத்துலயே காத்திருந்தாங்க. அப்புறம்... "மரத்த காலைத் தொட்டுப் பார்த்தேன். எங்கம்மா கால் மாதிரி இருந்துச்சு. பக்கவாதம் வந்து கிடந்தாங்க, சாகிறவரைக்கும் நான்தான் கழுவிவிட்டேன். எனக்கும் அதான்னு நெனச்சேன்... என் பிள்ளையை யார் தூக்குவா?"

கிளிட்டஸ் பக்கத்துலதான் நின்னான். மாமியார் கிடந்தது அவனுக்குத் தெரியும். இந்தப் பயம் தெரியாது. ஏன் தெரியாது? கேட்கலையே!

அப்புறம் பயிற்சி. ஒரு நாள் கால் வரும், மறுநாள் வராது. கிளிட்டஸ் தோள் கொடுத்தான். "மெதுவா எமல்டா, அவசரமில்ல"ன்னு சொல்லப் பழகினான். பிள்ளை ஞானஸ்நானத்துக்கு அவளே தூக்கிட்டுக் கோயிலுக்குள்ள வந்தா. லேசா இழுத்து இழுத்துத்தான்... ஆனா நடந்து வந்தா.

உங்களைக் கேட்கிறேன். ஸ்கேன்ல தெரியாத வலியோட உங்க வீட்டுல யார் கிடக்கிறாங்க? மனைவியா? மகனா? "சும்மா நடிக்காத"ன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கோம்? ஒரே ஒரு தடவை... "உனக்கு என்ன பயம்?"னு கேட்டிருக்கோமா? கேளுங்க. இன்னைக்கே வீட்டுக்குப் போய்க் கேளுங்க. பதில் சட்டுனு வராது. எழுந்து போயிடாதீங்க.