ஏறி நிற்கச் சொன்ன எடைக்கருவி

மேடையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, மருத்துவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் டீச்சரின் அக்கா அவர்களே, சொந்த நாற்காலியோடு வந்திருக்கும் என் மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவன். இந்தத் தாளில் உள்ளதை நானே எழுதினேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரமாகும். பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்க்க நாங்கள் காத்திருந்த நேரத்தைவிட இது குறைவுதான்.

எனக்கு எழுத்தைக் கொடுத்தவர், இன்று நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோமோ அந்த டீச்சர்தான். அவர் படித்தது இயன்முறை மருத்துவம். ஆனாலும் எங்களுக்கு அவர் டீச்சர். சிறுவயது முதல் சக்கர நாற்காலியில் இருந்தவர். என் தோளுக்குப் பலம் வர வேண்டும் என்று, பயிற்சி அறைச் சுவரில் பெரிய பிரஷ்ஷால் எழுத்து போடச் சொன்னார். "ஆயுசு பூரா சுவருக்கு வெள்ளை அடிச்சீங்க. அதுல மத்தவங்க என்ன எழுதினாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா பெயிண்டரே?" என்று சீண்டினார். ஒரு ஆ போட்டு முடிப்பதற்குள் தோள் ஒரு முழு வட்டம் சுற்றிவிடும். ஔவுக்கு மூச்சு வாங்கும். கைக்கு வலுவும் வந்தது, இந்த வயதில் எனக்குப் படிக்கவும் வந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டு போய் வைப்பேன்! இன்றைக்கு அதை வைத்து நான் படிக்க நேர்ந்தது இந்தத் தாளை.

விழுந்த பிறகு நான் பருத்துவிட்டேன். படுக்கையிலிருந்து என்னை மாற்ற மகனும் மருமகளும் சேர்ந்து தூக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக மருமகளைக் கூப்பிட வேண்டிய மாமனாரின் நிலை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? டீச்சர் வீட்டுக்கே வந்தார். என்னைத் திட்டவில்லை. மருமகளிடம் சொன்னார்: "மாமா பாவம்னு ரெண்டு கரண்டி கூட வைக்கிறீங்கல்ல, அந்தப் பாவம் பூரா அவர் இடுப்புலதான் தங்குது." மருமகள் சிரித்துவிட்டாள். மறுநாளிலிருந்து தட்டு சிறிதானது, எனக்குப் பயிற்சி பெரிதானது. இன்று நானே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறேன். நானே கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். அந்தத் தாழ்ப்பாள் சத்தத்துக்கு ஈடாக எனக்கு எந்த விருதும் வேண்டாம்.

இந்த மருத்துவமனையில் எங்களை எப்படி எடை பார்த்தார்கள் தெரியுமா? கண்ணால்! ஏற இறங்கப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார்கள், அதற்கு மருந்தும் எழுதுவார்கள். டீச்சர் வாசல் வாசலாகப் போய் நன்கொடை கேட்டு, நாற்காலியோடு உருட்டி ஏறும் எடைப்பலகையை வாங்கி வைத்தார். ஆளோடு சேர்த்து ஒருமுறை, வெறும் நாற்காலியை ஒருமுறை நிறுத்துக் கழித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிறகு ஒருநாள் மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வந்தார்கள். வராந்தா விசாலமாகத் தெரிய வேண்டும் என்று பலகையை இந்த மண்டபத்துக்குப் பின்னால் சாமான் அறைக்குத் தள்ளினார்கள். வந்தவர் போய்விட்டார். பலகை திரும்பவில்லை. இப்போது அதன் மேல் சோப்புத்தூள் மூட்டை அடுக்கியிருக்கிறது. அதை வெளியே எடுக்கச் சொல்லி டீச்சர் கேட்காத ஆள் இல்லை.

டீச்சருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது நான் கூடவே வந்தேன். அறைக்குள் டாக்டர் ஒருவர் இருந்தார். அவரும் இன்று மேடையில்தான் இருக்கிறார். தன் நாற்காலி ஒரு வாரத்தில் இடுப்பைப் பிடிக்கிறது, செருப்பு காலில் நுழையவில்லை, இது சாப்பாட்டால் ஏறிய கனம் இல்லை என்று டீச்சர் எடுத்துச் சொன்னார். காலை அமுக்கிப் பார்க்கச் சொன்னார். டாக்டர் அமுக்கவில்லை. மார்பில் குழாயும் வைக்கவில்லை. "உட்கார்ந்தே இருந்தா வெயிட் போடத்தானே செய்யும்? அந்த மெஷின்ல ஏறி நில்லுங்க, பார்ப்போம்" என்றார்.

ஏறி நிற்கச் சொன்னார். யாரை?

வெளியே வந்து டீச்சர் என்னிடம், "நிக்க முடிஞ்சிருந்தா நான் இந்நேரம் அவன் தலையிலயே ஏறி நின்னிருப்பேன் பெயிண்டரே" என்றார். நான் சிரித்தேன். அவருக்குச் சிரிக்க மூச்சு போதவில்லை.

பிறகு கொண்டுபோன வெளியூர்ப் பெரிய மருத்துவமனையில் அக்காவிடம் சொன்னார்களாம்: இதயம் பலவீனமாகி உடம்பெல்லாம் நீர் கோத்திருக்கிறது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று. முன்னாலேயே வந்தாரே! இந்த வாசலுக்குத்தானே வந்தார்! ஒரு வாரத்தில் ஏறியது கொழுப்பு அல்ல என்று சொல்ல ஒரு சாட்சி இருந்தது. அதன் மேல் சோப்புத்தூளை ஏற்றி வைத்தவர்கள் நீங்கள். அந்தப் பலகையைக் கேட்டவருக்கு இன்று பூமாலை போட்டுப் படம் திறக்கிறீர்கள். படத்தை எங்கே மாட்டப் போகிறீர்கள்? பலகை இருந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே படம் வேண்டாம், பலகைதான் வேண்டும்.

டீச்சரின் வேலையை நாங்கள் விடமாட்டோம். பயிற்சி அறை நாளையும் திறக்கும். தோளில்லாதவருக்குத் தோள் வரும்வரை சுவரில் எழுத்து ஏறும்.

இன்னும் சற்று நேரத்தில், எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துங்கள் என்று சொல்வார்கள். கால் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: எழுந்திருக்காதீர்கள். டாக்டர் ஐயா, நீங்களும்தான். அவர் ஆயுள் முழுக்க எந்த உயரத்திலிருந்து உங்களைப் பார்த்தாரோ, அந்த உயரத்தில் ஒரு நிமிடம் இருந்து பாருங்கள்.

அது முடிந்ததும் இந்தச் சக்கரங்களெல்லாம் பின்பக்கம் சாமான் அறைக்கு உருளும். மூட்டையை நாங்களே மடியில் வாங்கி இறக்கிக்கொள்வோம், அதற்கான தோளை அவர் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். கண்காணிப்பாளர் ஐயா, அந்த அறைப் பூட்டின் சாவி உங்கள் மேசையில் இருப்பதாகச் சொன்னார்கள். மௌனம் முடிவதற்குள் ஆளனுப்பி எடுத்து வையுங்கள்.

இப்போது எல்லோரும் உட்கார்ந்தே இருங்கள்.