தண்ணீருக்கு அடியில் தோணி

ஜெர்மன் சண்டை நடந்த சமயம், ஒரு மார்கழியில் மலைமேல் இருக்கும் செம்மேட்டுச் சந்தைக் கொட்டகைக்குள் காற்றுக்கு ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் நாகப்பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி ஒருவர், மிளகு விற்க வந்த மலைக்காரரிடம் சொன்னார்:

“புயல் வருதுன்னு தெரிஞ்சா, தோணியை நாங்களே ஆத்துல முக்கிப்புடுவோம்.”

“ஏனுங்க, சோறு போடற தோணிய முக்குவாங்களா?”

“கரையில கெடந்தா காத்து தூக்கி அடிச்சு ஒடச்சுப்புடும். மண்ணைக் கொட்டி முக்கிட்டா அடியில பத்திரமா கெடக்கும். அப்புறம் எடுத்துக்குவோம்.”

வெளியே பலாமரம் பேயாட்டம் ஆடியது. மலைக்காரர் அதையே பார்த்தார்.

“மலையிலயே இந்த அடி அடிக்குதுங்க. உங்க தோணிய இந்நேரம் முக்கியிருப்பாங்களா?”

“நான் கெளம்பறப்ப தம்பி அதுல கடலுக்குப் போயிருந்தான். கரை சேந்திருந்தா முக்கியிருப்பான்.”

மலைக்காரர் கொஞ்சம் நகர்ந்து, காற்றுப் படாத மூலையை அவருக்கு விட்டார்.

“முக்கியிருப்பாரு சாமி.”