நெட்டையின் குரல்

— ஏன்டா கிளி, அந்த போனை இன்னும் எத்தனை தடவை துடைப்பே? நம்பரைப் போடு.

— போடறேன் பெருசு. கை வேர்க்குது.

— இந்த பால்கனியில காத்து ஆளையே தூக்கிட்டுப் போகுது, உனக்கு வேர்க்குதா?

— நெட்டையோட போன்ல இருந்தே கூப்பிட்டு, அவங்கம்மாகிட்ட நெட்டை செத்துட்டான்னு சொல்லணும். நீ சொல்லிப் பாரு, தெரியும்.

— சொல்லித்தான் ஆகணும். ஒரு வருஷமா அவன் குரல்ல பேசி ஏமாத்தினது போதும்.

— நான் மட்டுமா ஏமாத்தினேன்? அன்னைக்கு அவங்க கூப்பிட்டப்ப, "நீதான் அவனை மாதிரியே பேசுவியே, இன்னைக்கு ஒரு நாள் சமாளி"ன்னு காதுல ஓதினது யாரு?

— நான்தான். பாடி கிடைச்சிடும், ஊருக்கு எடுத்துட்டுப் போயி நேர்ல சொல்லிக்கலாம்னு நெனச்சேன். கடல் குடுக்கல.

— கம்பெனியிலயும் உன்னைத்தான் கேட்டாங்க. அவசரத்துக்குன்னு நெட்டை குடுத்து வச்சது உன் நம்பர். வீட்டுக்குச் சொல்லிட்டேன்னு வாய் கூசாம சொன்னே.

— சரி, விடு. ராத்திரி பூரா குடோன்ல பெட்டி தூக்கிட்டு, காலையில ஒரு பொம்பளை அழறதைக் கேக்க எனக்குத் தெம்பில்ல. போதுமா?

— போன வருஷமும் இதே ரூம். வெளிநாடு வந்து குடோனையும் பஸ்ஸையும் தவிர என்னத்தைப் பார்த்தோம், ஒரு சனி ஞாயிறாவது கடலைப் பார்ப்போம்டான்னு இழுத்துட்டு வந்ததே அவன்தான்.

— பார்த்தான். நல்லாவே பார்த்தான்.

— அப்படிப் பேசாதண்ணே.

— வேற எப்படிப் பேசறது? அந்தப் படகு வரைக்கும் போயிட்டு வர்றேன்னு நீந்தினான். போனான். இந்த ஊரு இன்னும் காலண்டர் படம் மாதிரிதான் இருக்கு. கீழ எவனோ ஐஸ்கிரீம் வித்துக்கிட்டு இருக்கான். எனக்கு இங்க வரவே பிடிக்கல. இங்க வந்துதான் சொல்லணும்னு அடம் பிடிச்சது நீ.

— நான் இல்ல.

— அப்ப யாரு, உன் வாயா?

— அதைத்தான் சொல்ல வர்றேன். சிரிக்காதே. போன ஞாயித்துக்கிழமை அம்மா கேட்டாங்க, "சின்ன வயசுல கெணத்துல விழுந்தியே, உள்ள என்னடா பார்த்தே, நீ சொன்னதே இல்லையே"ன்னு. அவன் கெணத்துல விழுந்ததே எனக்குத் தெரியாது பெருசு.

— மழுப்ப வேண்டியதுதானே.

— மழுப்பத்தான் வாயைத் தொறந்தேன். "மேல வட்டமா வெளிச்சம் தெரிஞ்சுதும்மா, உன் வளையல் சத்தம் கேட்டுச்சு"ன்னு சொல்லிட்டிருக்கேன். அவங்க தேம்பித் தேம்பி அழறாங்க. எறங்கித் தூக்கினதே அவங்கதானாம்.

— எப்பவாவது அவன் சொல்லிக் கேட்டிருப்பே.

— சத்தியமா இல்ல. இந்த ஊருக்கு வர்றேன்னும் அப்பதான் சொல்லிட்டேன். "அடுத்த வாரம் கடலுக்குப் போறேன்மா"ன்னு. அப்படி ஒரு நெனப்பே எனக்குக் கெடையாது.

— தூக்கமில்லாம வேலை செஞ்சா மண்டை இப்படித்தான் கழண்டுக்கும். ஒரு நாள் குடோன் ஐஸ் ரூம்ல செத்துப்போன எங்கப்பா நின்னாரு. வழியை விடுங்கப்பா, வண்டி வருதுன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன்.

— இன்னைக்கு வீடியோவுல பார்த்தே ஆகணும்னு நிக்கறாங்க. அவன் தங்கச்சி டச் போன் வாங்கியிருக்கா. குரலுக்கு நான் இருக்கேன். மூஞ்சிக்கு எங்க போவேன்?

— அதான், சொல்லித் தொலை. அவங்க பழைய பட்டன் போனுக்கே அடி. அழுதா அழட்டும்.

— சொல்லிட்டா அவன் போயிடுவான்ல?

— போகட்டும்டா. உன் சொந்தக் குரல் எனக்கு மறந்தே போச்சு. ரூம்ல நீ "பெருசு"ன்னு கூப்பிட்டாக்கூட அவன் கூப்பிடற மாதிரிதான் இருக்கு. அப்பப்ப எந்திரிச்சு லைட்டைப் போட்டு உன் மூஞ்சியைப் பார்த்துட்டுப் படுக்கறேன், தெரியுமா உனக்கு?

— ரிங் போகுது.

— ஸ்பீக்கர்ல போடு. உன் குரல்ல பேசு.

— ஹலோ, அம்மா... நான் அவன் இல்லம்மா. கூட தங்கியிருக்கிற பையன். கிளி.

— கிளியா! நல்லாயிருக்கியாப்பா? இவ்வளவு நேரமும் உன் பேச்சுதான்.

— யாரும்மா பேசினது?

— வேற யாரு, என் பையன்தான். பாப்பாவோட டச் போன்ல, வீடியோவுல வந்துட்டானே. அவ போட்டுக் குடுத்துட்டுக் கடைக்குப் போயிருக்கா. இத்தனை நாளும் எனக்காக கிளிதாம்மா பேசினான், பாவம், இனிமே நானே பேசிக்கிறேங்கறான். எனக்கு ஒண்ணும் புரியலப்பா.

— அம்மா, நான் பெருசு பேசறேன். அது ஃபோட்டோவா இருக்கும். நல்லாப் பாருங்க.

— ஃபோட்டோ பேசுமாப்பா? தலை சொட்டச் சொட்ட நிக்கறான். துவட்டுடான்னா சிரிக்கறான்.

— எங்கம்மா நிக்கறான்?

— அதை என்னைக் கேக்கறியே. அவனுக்குப் பின்னாடி பால்கனியில உக்காந்திருக்கிறது நீங்க ரெண்டு பேருதானே? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கப்பா, உங்க மூஞ்சியையும் பார்த்துக்கறேன்.