விமலராணி அக்காவின் வரிசை

மேடையில் இருக்கும் எங்கள் சங்கத் தலைவர் லோரன்ஸ் அவர்களே, மனைவி விமலராணி அக்காவை இழந்து முன்வரிசையில் இருக்கும் குருசுமுத்து அண்ணை அவர்களே, வேலை முடிந்து நேரே இந்த ஹ்விடோவ்ரே மண்டபத்துக்கு வந்திருக்கும் உறவுகளே, வணக்கம். சலவைத் தொழிற்சாலையில் விமலராணி அக்காவோடு ஒரே மேசையில் துணி மடித்த தங்கராணி பேசுகிறேன். அழுது வடிந்துகொண்டு பேசினால் அக்காவுக்குப் பிடிக்காது. அதனால் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள்.

இந்த டென்மார்க்கில் அக்காவுக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? பேக்கரி வாசலில் வரிசைக்கு இழுக்கிற நம்பர் துண்டு! டொக்டருக்கும் அதே துண்டு, அவருடைய கோட்டைத் தோய்க்கிற எங்களுக்கும் அதே துண்டு. அதில் மயங்கிப்போய், எங்கள் கிறிஸ்மஸ் ஒளிவிழா விருந்துக்கும் நம்பர் துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். அதுவரை மேடைக்காரர் முதலில், பிறகு ஆண்கள், கடைசியில் சமைத்த பெண்கள் என்றுதானே சாப்பிட்டோம்? அன்று தலைவருக்குக் கிடைத்தது கடைசித் துண்டு. இறைச்சிக்கறி முடிந்து, பாவம், பருப்போடு சாப்பிட்டார். தலைவரே, அந்தக் கோபம் இன்னும் உங்கள் முகத்தில் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் வரிசை என்பது அக்காவுக்கு விளையாட்டா? குடும்பத்தை இங்கே அழைக்கக் கேட்ட தமிழர்களின் விண்ணப்பங்களை மட்டும் நீதி அமைச்சில் கிடப்பில் போட்டிருந்த காலம் அது. அண்ணை மன்னாரில், சண்டைக்கு நடுவில். அக்கா இங்கே, தொலைபேசிக்குப் பக்கத்தில். மாதா கோயிலில் பழகிய அன்னா என்ற டெனிஷ் அம்மா மனமிரங்கி, தன் தம்பிக்கு மேலிடத்தில் ஆளைத் தெரியும், உன் கணவரை மட்டும் இங்கே எடுப்பிக்கலாம் என்றார். அக்கா என்ன சொன்னார்?

"தமிழர் எண்டு மறிச்சது பிழையெண்டால், விமலராணி எண்டு விடுறதும் பிழைதான். எல்லாரையும் அவையவையின்ர முறையில கூப்பிடச் சொல்லுங்கோ."

"உனக்கென்ன விசரோ?" என்று எங்கள் மேசையே கேட்டது. அக்கா துணி மடித்துக்கொண்டே இருந்தார். மடித்த துணியெல்லாம் நனைந்திருந்தது. அன்னா அம்மா பிறகு தம்பியிடம் போகவில்லை. எங்களோடு அமைச்சின் முன்னால் போராட்டத்தில் வந்து நின்றார்.

தடை நீங்கி அண்ணையும் ஒருநாள் வந்தார். கஸ்ட்ரப் விமான நிலையத்தில் கூட வந்த சனமெல்லாம் வெளியே வந்துவிட்டது, இவரைக் காணவில்லை. அக்காவுக்கு உயிரே இல்லை. பார்த்தால், அக்காவின் கடிதத்துக்குக் கடிதம் வரிசையைப் பற்றியே படித்த மனுசன், பின்னால் நின்றவர்களையெல்லாம் முன்னுக்கு விட்டுவிட்டுக் கடைசி ஆளாக வருகிறார். கட்டிப்பிடிக்க முதல் அக்கா ஏசினார்: "முந்தாதேங்கோ எண்டுதானே எழுதினனான்? உங்கட முறையை விட்டுக்குடுக்கச் சொன்னனானோ?"

முந்தவும் கூடாது, பின்வாங்கவும் கூடாது. அக்கா கேட்ட சமத்துவம் அவ்வளவுதான்.

இந்த ஆண்டு, தமிழரின் விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்ட அந்த விவகாரத்தால் டெனிஷ் அரசாங்கமே விழுந்தபோதும் அவர் கொண்டாடவில்லை. "இப்ப பொஸ்னியாச் சனம் சண்டைக்குத் தப்பி வந்து நிக்குது. அவையின்ர முறை என்னாச்சு?" என்றுதான் கேட்டார். "நாங்கள்தானே முதல் வந்தனாங்கள்" என்ற எங்கள் ஆட்களோடு சண்டையும் பிடித்தார். அந்தச் சண்டையை இனி நாங்கள் பிடிப்போம். இது அக்காவுக்கு நான் தரும் வாக்கு, உங்களையும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒன்று. கூட்டம் முடிய பின்னால் சாப்பாடு இருக்கிறது. வாசலில் எல்லோரும் நம்பர் துண்டு எடுத்தீர்கள், தலைவரும் எடுத்தார். குருசுமுத்து அண்ணை மட்டும் எடுக்கவில்லை. "சனம் சாப்பிடட்டும், நான் பிறகு பாக்கிறன்" என்றாராம். செத்தவீட்டு நாளிலிருந்து இதே கதைதான், இன்னும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அண்ணை, அக்கா இதைக் கண்டால் ஏசுவா. உங்கட துண்டை நான் எடுத்து வைச்சிருக்கிறன். நம்பர் கூப்பிடேக்க எழும்பி வாங்கோ.