கறை படியாத புகை

அப்படி இல்லம்மா, அந்தப் பேட்டரி சிகரெட்டோட ஓட்டையை விரலால மூடாதே. சும்மா கையில வெச்சிரு. இழுக்கறதுக்கு என்ன அவசரம், சாப்பாட்டு நேரம் இன்னும் கெடக்கு. வா, இந்தத் தண்ணித்தொட்டி நெழல்ல உக்காரு. எனக்கும் மூச்சு வாங்குது. நடுப்படியில நின்னு போனைத் தேடினேனே, போன் கையிலதான் இருந்துச்சு. மாடி ஏற முடியல, அதுக்கு ஒரு சாக்கு.

சிரிக்கிறியா? சிரி சிரி. நீ வேலைக்குச் சேந்து இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் உன் பல்லையே பாக்கறேன். பொழுதுக்கும் ஊரார் வாய்க்குப் பல்லு செய்யறோம், நம்ம பல்லை மட்டும் ஒளிச்சு வெச்சுக்கறோம்.

இந்த லேப்ல எனக்கு என்ன பேரு தெரியுமா? ஊமை. ஆமா, என்னைத்தான். இந்தப் போடு போடறாளே, இவளா ஊமைன்னு பாக்கறே. சேந்த புதுசுல யாராவது அந்தப் பீங்கான் மாவை எடுன்னா எடுத்துக் குடுப்பேன். எனக்கும் உலகத்துக்கும் அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. மத்தியானம் அவங்கல்லாம் அவசரமா அள்ளிப் போட்டுகிட்டு மாடிக்கு ஓடிருவாங்க. நான் கீழ டப்பாவைத் தொறந்து வெச்சு, மேலேருந்து வர்ற சிரிப்பைத் தொட்டுகிட்டு சாப்பிடுவேன்.

ஒருநாள் தொவைச்ச கோட்டைக் காயப்போடற மாதிரி வந்தேன். மெழுகு மேசை அக்கா இருந்தாங்க, வாலு இருந்தா, இன்னும் ரெண்டு பேரு. வாலுவைத் தெரியும்ல? அச்சு எடுக்கற மேசையில, மாசத்துக்கு ஒரு கலர்ல தலைமுடியோட இருப்பாளே, அவதான். நேரா என்கிட்ட வந்து இதே மாதிரி ஒரு பேட்டரி சிகரெட்டை, வேப்புன்னு சொல்றாங்களே, அதை நீட்டினா. சிகரெட்டுன்னா பல்லு மஞ்சளாயிரும்டி, பல்லு செய்யறவளுக்கே மஞ்சப் பல்லு இருந்தா எவன் வாங்குவான், இதுல கறையே படியாதுன்னா. எங்க எல்லாருக்கும் அதுதான் பெரிய நியாயம். பல்லைத் தவிர வேற எதையும் யோசிக்கத் தெரியாத ஜென்மங்க. உள்ள நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கறது ஒருத்தருக்கும் ஞாபகம் வரல.

வேணாம்னு சொல்லியிருக்கலாமேன்னு கேக்கறே. சொல்லியிருக்கலாம். ஆனா அவ நீட்டினப்ப எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்கம்மா. அதுவரைக்கும் இங்க யாரும் என்னைப் பாத்ததே இல்ல. வாங்கி இழுத்தேன், ஒரே பபிள்கம் வாசனை. இருமித் தள்ளிட்டேன். முதுகுல தட்டி, ஊமைக்குக்கூட சத்தம் வருதேடின்னா வாலு. மறுநாள்லேருந்து சாப்பாட்டு மேசையில அவ பக்கத்து நாற்காலி என்னோடதுன்னு ஆயிருச்சு.

இல்ல, அவ இப்ப தொடறதில்ல. எதையும் முதல்ல தொடறவ அவ, முதல்ல விடறவளும் அவதான். சலிச்சுப் போச்சுடின்னு ஒருநாள் குப்பைக்கூடையில போட்டுட்டுப் போயிட்டா. இப்ப காலையில எழுந்து ஓடறாளாம், ஏதோ பந்தயத்துக்கு. மெழுகு அக்கா வயித்துல புள்ளைன்னு தெரிஞ்ச அன்னிக்கே நிறுத்திட்டாங்க. மத்த ரெண்டு பேரும் வேற லேப் பாத்துகிட்டுப் போயிட்டாங்க. கூட்டத்துக்காகத் தொட்டவ நான். கூட்டம் கலைஞ்சு போச்சு, இது மட்டும் கையோட ஒட்டிகிச்சு.

விட்டுப் பாக்காம இருப்பேனா? ரெண்டு நாள் விட்டா கை நடுங்குது. முன்பல்லுக்கு நிறம் ஏத்தற பிரஷ் பூனைமுடி மாதிரி இருக்கும், நீதான் பாத்திருக்கியே. கை கொஞ்சம் ஆடினாலும் பல்லுல மேகம் படிஞ்ச மாதிரி ஆயிரும். போன வாரம் ஒரு கல்யாணப் பொண்ணோட பல்லை டாக்டர் திருப்பி அனுப்பிட்டாரு. முதலாளி அந்தப் பல்லைப் பாக்கல. என் விரலை மட்டும் பாத்தாரு. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். அன்னிக்கே மறுபடி இந்தப் படியேறிட்டேன்.

ஏன் முகம் இப்படிப் போகுது? எதுக்குக்கா என்னைக் கூப்பிட்டீங்கன்னு படியில கேட்டியே, நான் பேச்சை மாத்திட்டேன். பெரிசா ஒண்ணுமில்ல. நீ சேந்த அன்னிக்கே உன்னைப் பாத்து வெச்சேன். இது யாரோடயும் பேசல, டப்பாவைத் தொறந்து வெச்சுகிட்டு தலையைக் குனிஞ்சுக்குது, நீட்டினா வேணாம்னு சொல்ல இதுக்கு வாய் வராதுன்னு தோணிச்சு. இங்க தனியா நிக்கறது ஒரு மாதிரி இருக்கும்மா. அதான்.

குடு அதை. இன்னும் வாயில வெக்கலல்ல? சரி.

எழுந்து கீழ போ. வாலு பக்கத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கும். யோசிக்காம போய் உக்காரு. இது ஊமை எடமாச்சேன்னு யாராவது கேட்டா, அவதான் உக்காரச் சொன்னான்னு சொல்லு.