கடைசியில் போகவேண்டிய அறை

நாய் குரைப்பது எனக்குத் தொந்தரவாக இருந்ததே இல்லை. குரைக்காமல் இருந்தால்தான் எழுந்து போய்ப் பார்ப்பேன். முப்பது நாய்களுக்கு நடுவில் இருந்து பழகியவளுக்கு இப்படி ஓர் அமைதியான அறையில் உட்கார்ந்து பேசுவது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை. நீங்கள் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நானும் என் தங்கையும் பதிமூன்று வருஷம் நாய்க் காப்பகம் நடத்தினோம். வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். முன்பக்கம் அவள், பின்பக்கம் நான். அவளுக்கு வாய் உண்டு. நாயைப் பிரிய மனமில்லாமல் வாசலில் கண் கலங்கி நிற்கிறவர்களை, "உங்ககிட்டேர்ந்து அதுக்கும் ஒரு லீவு வேணுமில்ல சார்" என்று சிரிக்கவைத்து அனுப்பிவிடுவாள். எனக்கு மனிதர்களிடம் அப்படிப் பேச வராது. நான் கூண்டு கழுவினேன்.

கூண்டு கழுவுவதை லேசாக நினைத்துவிடாதீர்கள். பல நாய்கள் சேர்ந்து இருக்கிற இடத்தில் நோய் எப்படி நடமாடும் என்று தெரிந்தால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். இருமல் காற்றில் போகும். ஒரு மூலையில் ஒன்று இருமினால் நாலாம் நாள் வரிசையே இருமும். உண்ணி சுவர் விரிசலில் மாதக்கணக்காகப் பட்டினி கிடந்து காத்திருக்கும். கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து பாதத்தைத் துளைத்துக்கொண்டு ஏறும். இதெல்லாம் சமாளித்துவிடக்கூடியவை. பார்வோ என்கிற ரத்தக்கழிச்சல் நோய் அப்படியில்லை. நோயுள்ள குட்டியின் கழிச்சல் ஒரு துளி செருப்பில் ஒட்டினால் போதும். காய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் போய், அடுத்த வருஷம்கூட இன்னொரு குட்டியைப் பிடிக்கும். ஊசியெல்லாம் போட்ட பெரிய நாய்களை அநேகமாக ஒன்றும் செய்யாது. குட்டிகளைத்தான் வாரிக்கொண்டு போகும்.

அதனால் நான் இரண்டு விஷயத்தில் கறாராக இருந்தேன். கடைசித் தடுப்பூசி போடாத குட்டியை உள்ளே சேர்ப்பதில்லை. இன்னொன்று, வேலை செய்கிற வரிசை. முதலில் நன்றாக இருக்கிற நாய்கள், கடைசியில்தான் நோயாளி அறை. அந்த அறைக்குள் போய்விட்டால் குளித்து, உடை மாற்றி, செருப்பையும் மாற்றாமல் திரும்பக்கூடாது. தங்கை கேலி செய்வாள். "எங்கக்கா கோயிலுக்குப் போறதுக்குக்கூட இவ்ளோ சுத்தம் பாக்கமாட்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு குட்டியை எனக்குத் தெரியாமல் உள்ளே சேர்த்துவிட்டாள். யாரோ கெஞ்சினார்களாம், பாவமாக இருந்ததாம். அதற்கு ஓர் ஊசிகூடப் போட்டிருக்கவில்லை. நான் கண்டுபிடிப்பதற்குள் பார்வோ வந்துவிட்டது. அதுவும், அப்போதுதான் ஊசி முடித்து, அது இன்னும் உடம்பில் பிடிக்காத வேறு மூன்று குட்டிகளும் செத்தன. குட்டிகளை வளர்த்தவர்கள் நாலு குடும்பமாக வந்து நின்றார்கள். தங்கை என் முதுகுக்குப் பின்னால் நின்று என் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அம்மா போனபிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான்தான். அந்தப் பிடி எனக்குப் பழக்கமான பிடி.

"என் தப்புதாங்க. நான்தான் சரியா கழுவலை" என்று சொன்னேன்.

செய்யாத ஒன்றை ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். எல்லோரும் உடனே நம்பினார்கள்.

அதற்கு ஒரு வருஷம் கழித்து அவள் தனியாகப் போனாள். "எனக்குன்னு ஏதாவது வேணும்க்கா, எவ்ளோ நாள் உன் நிழல்லயே இருக்கறது" என்றாள். நியாயம்தானே. நான் தடுக்கவில்லை. கூண்டுகளில் நல்லதாகப் பார்த்து ஆறு கொடுத்தனுப்பினேன். இரண்டு தெரு தள்ளி அவள் இடம் பிடித்தாள். குட்டிகளுக்கு மட்டுமான காப்பகம். சுவரெல்லாம் மஞ்சள் அடித்து, கண்ணாடித் தடுப்பு வைத்து, பார்க்க அழகாக இருந்தது. குட்டிகளுக்கு ஊசி முடிந்ததா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் இடம், அவள் இஷ்டம்.

பிறகு என்னிடம் வருகிறவர்கள் குறைந்தார்கள். மழைக்காலம் என்று நினைத்தேன். மழை விட்டபிறகும் வரவில்லை. கடைசியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். பத்து வருஷப் பழக்கம். தன் நாயின் படுக்கை எங்களிடம் இருந்தது, அதை வாங்கிப்போக வந்திருந்தார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டினார்.

"தப்பா நினைக்காதம்மா. உன் தங்கச்சியே சொல்லுச்சு. சொல்லும்போது அழுதுடுச்சு பாவம். அக்காவுக்கு முன்ன மாதிரி சுத்தம் போதலை, அந்த நாலு குட்டியும் அதனாலதான் போச்சு, இன்னும் அந்த நோய் அங்கதான் இருக்குன்னுச்சு. நீயே ஒத்துக்கிட்டவதானேம்மா."

படுக்கையைக்கூட அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனார்.

நான் அழவில்லை. உள்ளே போய் அன்றைக்கு இரண்டு முறை தரையைக் கழுவினேன். அவள் என்னைப் பற்றி வேறு என்ன சொல்லியிருந்தாலும் எனக்கு வலித்திருக்காது. கோபக்காரி என்றோ கஞ்சம் என்றோ சொல்லியிருக்கலாம். நான் அவளுக்காகத் தலையில் போட்டுக்கொண்ட பழியை எடுத்து, அதையே என் கதவில் தொங்கவிட்டுவிட்டாள். உங்களுக்கு அண்ணன் தம்பி இருந்தால் இது புரியும்.

அந்த வாரம்தான் யாரோ ஓர் அட்டைப்பெட்டியை என் கேட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஒரு செவலைக் குட்டி. பார்த்ததும் என்ன நோய் என்று தெரிந்துவிட்டது. அந்த வாடை வேறு எதற்கும் வராது. நோயாளி அறையில் நீலக்கோடு போட்ட ஒரு பழைய துண்டை விரித்துப் படுக்கவைத்து, மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினேன். என்னால் ஆனதைச் செய்தேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும். மூன்றாம் நாள் அது போய்விட்டது.

குழி தோண்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தங்கை. ஒன்றுமே நடக்காத மாதிரி பேசினாள்.

"அக்கா, பழைய துண்டெல்லாம் வச்சிருப்பியே, கொஞ்சம் குடேன். குட்டிங்க நனைச்சுத் தள்ளுதுங்க."

தருகிறேன் என்றேன். பன்னிரண்டு துண்டு எடுத்துவைத்தேன். பதினொன்றைக் கொதிக்கவைத்துத் துவைத்து வெயிலில் போட்டேன். நீலக்கோட்டுத் துண்டைத் தட்டி உதறி, நிழலில் காயவைத்தேன். வெயிலை அந்தக் கிருமியால் தாங்கமுடியாது. பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவாக மடித்து, அதை மூன்றாவதாக அடுக்கினேன். மேலே வைத்தால் அவள் உதறிப் பார்ப்பாள்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது கட்டிக்கொண்டாள். "நீ எங்கூடப் பேசமாட்டேன்னு நெனச்சேன்" என்றாள். ஏன் அப்படி நினைத்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினேழு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளையாடிக்கொண்டிருந்தன. வாத்தியார் புதிதாக வாங்கியிருந்த கறுப்புக்குட்டியும் அதில் இருந்தது, மிளகு என்று பெயர். நான் ஒரு குட்டியைக்கூடத் தொடவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள் காலையில் கூப்பிட்டாள். அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை. "அக்கா, ரத்தமா போகுதுக்கா. வாயேன். எனக்கு யாருக்கா இருக்கா?"

போனேன். நாலு குட்டிகள் சுருண்டு கிடந்தன. மற்ற பதின்மூன்றும் நன்றாக இருந்தன. மிருக டாக்டர் வந்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "இனிமே உங்க கையிலதாம்மா இருக்கு. மத்ததுங்களுக்குப் பரவாம பாத்துக்குங்க" என்று என்னிடம்தான் சொன்னார். அவருக்கு என் வேலை தெரியும்.

நோயாளிகளுக்குப் பின்பக்க அறை ஒன்றை ஒதுக்கினோம். காலையில் நான் முதலில் அந்த அறைக்குத்தான் போவேன். துடைத்து, மருந்து புகட்டி, மடியில் வைத்துத் தடவிக்கொடுத்துவிட்டு, அதே செருப்போடு முன்பக்கம் வந்து மற்ற குட்டிகளுக்குச் சோறு வைப்பேன். தங்கைக்கு அந்த வரிசை எப்போதும் தெரிந்ததில்லை. பதிமூன்று வருஷத்தில் ஒரு கூண்டு கழுவியதில்லை. வாசலில் நின்று டாக்டரிடம், "பாருங்க டாக்டர், எங்கக்காவுக்கு எவ்ளோ மனசு, நோயாளிங்களைத்தான் மொதல்ல பாக்குறா" என்றாள். டாக்டர் அவசரத்தில் இருந்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நாலு நாள் அப்படியே செய்தேன். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று காத்திருந்தேன். வேறொன்றும் இல்லை. முதல் நாளே அவள் சொல்லியிருந்தால் முதல் நாளே செருப்பை மாற்றியிருப்பேன். அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள், கால் பிடித்துவிட்டாள், எல்லாம் செய்தாள். அதை மட்டும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம், தட்டில் கையை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "நான் உன்னைப் பத்தி எல்லார்கிட்டயும் தப்பா சொன்னேன்க்கா. அந்த நாலு குட்டி விஷயத்தை உன் தலையிலயே வச்சிட்டேன். புது இடம், யாரும் வரமாட்டாங்களோன்னு பயம். என்னை மன்னிச்சிடு" என்றாள்.

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். எழுந்து போய்க் குளித்தேன். செருப்பை மாற்றினேன். ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தரை முழுக்கக் கழுவினேன், துண்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் எரித்தேன். அன்றிலிருந்து நல்லது முதலில், நோயாளி கடைசியில். ஆனால் அதற்குள் போகவேண்டியது போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த ஒரு வாரத்தில் இன்னும் பதினொரு குட்டிகள் விழுந்தன.

என் கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாய் நனைத்தேன். ஈறு வெளுத்துவிட்டதா என்று உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மிளகு என் மடியில்தான் போனது. வாத்தியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைப் போய்த் தப்பா நெனச்சிட்டேனேம்மா" என்று குலுங்கி அழுதார். மொத்தம் பதினொன்று செத்தன. ஆறு பிழைத்தன, அதில் நாலு நான் இல்லையென்றால் பிழைத்திருக்காது. டாக்டரே சொன்னார்.

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அந்தப் பன்னிரண்டு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பார்ப்பாளே, அதே மாதிரி.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள், நான் மட்டும் மறைத்து வைத்திருப்பது சரியாகப் படவில்லை. துண்டைச் சொன்னேன். செருப்பைச் சொன்னேன். இனிமேல் நமக்குள் ஒன்றும் இல்லை, இரண்டு இடத்தையும் ஒன்றாக்கிவிடலாம் என்றேன். அவள், "உள்ள போய்த் தண்ணி குடிச்சிட்டு வரேன்க்கா" என்று எழுந்து போனாள். போனவள் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள்.

நான் அவளிடம் சொன்னது தங்கையிடம் சொன்னது. அதை வெளியாளிடம் சொல்ல அவளுக்கு எப்படி மனசு வந்தது என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அன்றைக்கு நாலு குடும்பத்துக்கு முன்னால் நான் அவளைக் காட்டிக்கொடுத்தேனா? இது இரண்டாவது தடவை. இருந்தாலும் எனக்கு அவள்மேல் கோபமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள். துண்டு வைத்தது நான். செருப்பை மாற்றாமல் நடந்தது நான். தெரிந்துதான் செய்தேன்.

இன்னொன்றும் அவளிடம் சொல்லவேண்டும். நோயில் விழுந்து பிழைத்த நாலுக்கும் இப்போது வயிறு புண்ணாக இருக்கும், ஒரேயடியாகச் சோறு வைத்துவிடப் போகிறாள், கஞ்சியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. இப்போது கோபத்தில் இருக்கிறாள், என் முகத்தில் முழிக்கமாட்டேன் என்றுதான் சொல்வாள். பரவாயில்லை, நான் காத்திருப்பேன். நாய்கள் இருக்கிற இடத்தில் ஏதாவது ஒன்று மறுபடியும் வராமல் இருக்காது. வரும்போது அவள் என்னைத்தான் கூப்பிடுவாள்.